வெஹிக்கான்களுக்கு ஏன் பெயர் இல்லை?

எங்கள் மாலை வகுப்பில் சனிக்கிழமைகளில் கடைசி ஒரு மணி நேரம் பிள்ளைகளுடையது. அவர்கள் கேட்பதைத்தான் மடிக்கணினியில் போடுவோம். சில வாரங்களாக ஓடுவது 'டிரான்ஸ்ஃபார்மர்ஸ் பிரைம்'. காராகவும் லாரியாகவும் விமானமாகவும் உருமாறும் ரோபோக்கள், சைபர்ட்ரான் என்ற தங்கள் கோளைப் போரில் நாசமாக்கிவிட்டு, மிச்சச் சண்டையைப் போட பூமிக்கு வந்து சேர்ந்த கதை. 2010 முதல் 2013 வரை அமெரிக்காவில் ஒளிபரப்பான அனிமேஷன் தொடர், 65 அத்தியாயங்கள். பொம்மை விற்பதற்காகவே 1984இல் தொடங்கிய வரிசையில் வந்த ஒன்று என்பதால், நாங்கள் வருகைப் பதிவேட்டை நிரப்பியபடி பாதிக் கவனத்தில்தான் உட்கார்ந்திருந்தோம்.

ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி திரும்பிக் கேட்டாள்: "அக்கா, எல்லாருக்கும் பேர் இருக்கு. அந்த ஊதா ரோபோவுக்கெல்லாம் மட்டும் ஏன் பேரே இல்ல?"

பதிவேட்டை மூடி வைத்தோம்.

அவள் கேட்டது வெஹிக்கான்களைப் பற்றி. டிசெப்டிகான் படையின் கடைநிலை ஆட்கள். எல்லோருக்கும் ஒரே வார்ப்பு, முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சிவப்புப் பட்டை. எனர்ஜான் என்ற எரிபொருளைப் பூமிக்கடியில் தோண்டி எடுப்பவர்கள் இவர்கள்தான். கப்பலில் காவல் நிற்பதும், சண்டை வந்தால் முதலில் சாவதும் இவர்கள்தான். செத்தவருக்காக அந்தக் கப்பலில் யாரும் ஒரு நொடி நிற்பதில்லை.

இதில் என்ன இருக்கிறது, எந்தச் சண்டைப் படத்திலும் அடியாட்களுக்குப் பெயர் இருக்காதே என்று கேட்கலாம். ஆனால் இந்தப் போர் எதற்காகத் தொடங்கியது என்பதைத் தொடரே சொல்லிவிடுகிறது. ஆப்டிமஸ் பிரைமின் பழைய கதையை, ஆட்டோபாட் மருத்துவர் ராட்செட் மூன்று மனிதப் பிள்ளைகளுக்குச் சொல்கிறார். ஆப்டிமஸ் அன்று ஆவணக் காப்பகத்தில் எழுத்தராக இருந்த ஓரயன் பாக்ஸ். சைபர்ட்ரானில் ஊழலும் ஏற்றத்தாழ்வும் மலிந்திருந்த காலம். கேயான் நகரத்து மரண விளையாட்டுக் களத்தில் நிறுத்தப்பட்ட ஒருவர் முதன்முதலில் அதை எதிர்த்துப் பேசுகிறார். பழைய தலைவர்களில் ஒருவரின் பெயரைத் தனக்குத் தானே சூட்டிக்கொள்கிறார்: மெகாட்ரோனஸ். அவர் பேச்சில் ஈர்க்கப்பட்டவர்தான் ஓரயன். ஆசான் மெகாட்ரோனஸ், மாணவர் ஓரயன்.

இதே பின்னணியில் 2010இல் வந்த 'எக்ஸோடஸ்' நாவல் ஒளிவுமறைவில்லாமல் 'சாதி' என்ற சொல்லையே பயன்படுத்துகிறது. வேறொரு காமிக்ஸ் வரிசையில் இதற்கு 'ஃபங்ஷனிசம்' என்று தத்துவப் பெயரே உண்டு. நீ எதுவாக உருமாறுகிறாயோ அதுவே உன் தொழில், அதற்கு மேல் ஆசைப்படாதே. சாதி என்பது வேலைப் பிரிவினை மட்டுமல்ல, வேலை செய்பவர்களையே பிரிப்பது என்று அண்ணல் அம்பேத்கர் 1936இல் எழுதியதைப் படித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இருவரும் உயர் அவையின் முன் போய் நிற்கிறார்கள். மெகாட்ரோனஸ் இந்த அமைப்பைத் தூக்கியெறிய வேண்டும் என்கிறார், தலைமையைத் தனக்கே கேட்கிறார். ஓரயனும் நீதிதான் கேட்கிறார், ஆனால் பணிவாக. அவை நெகிழ்ந்துபோய் ஓரயனையே பிரைம் ஆக்க முன்வருகிறது. பேச்சைத் தொடங்கி வைத்தவர் வெறுங்கையோடு வெளியேறுகிறார். அந்தக் கணத்திலிருந்து அவர் வில்லன். அவையில் உட்கார்ந்து அத்தனை காலம் அந்த ஏற்றத்தாழ்வைக் கட்டிக்காத்தவர்கள் என்ன ஆனார்கள்? தொடருக்கு அதில் அக்கறையே இல்லை.

நம்மில் யாருக்குத்தான் இந்தக் காட்சி புதிது? கூட்டம் கூட்டி, வழக்கு வாங்கி, அடிபட்டவர் ஒருவர். அதிகாரிகள் "இவரோடு பேசலாம்" என்று நாற்காலி போட்டு உட்கார வைப்பது இன்னொருவரை. 'பிளாக் பேந்தர்' படத்தில் கில்மாங்கருக்கும் இதே கதிதான். கோபத்தின் காரணத்தை ஒப்புக்கொள்வார்கள், கோபப்பட்டவனைக் கொன்றுவிடுவார்கள். 2024இல் வந்த 'டிரான்ஸ்ஃபார்மர்ஸ் ஒன்' படம் இன்னும் ஒரு படி மேலே போனது. அதில் இருவருமே சுரங்கத் தொழிலாளிகள். உருமாறும் உறுப்பு இல்லாமலேயே பிறந்தவர்கள் என்று அவர்களை நம்ப வைத்திருக்கிறார்கள். உண்மையில் அதைப் பிறந்த உடனேயே பிடுங்கியது ஆட்சியில் இருக்கும் சென்டினல் பிரைம். பிடுங்கிவிட்டு 'உனக்குத் திறமை இல்லை' என்று சொல்வதை இவ்வளவு துல்லியமாக ஒரு குழந்தைகள் படம் காட்டும் என்று நாங்கள் எதிர்பார்க்கவில்லை. ஆனாலும் கடைசியில் ஆத்திரப்பட்டவர் நாடு கடத்தப்படுகிறார், நிதானமானவர் பிரைம் ஆகிறார். அதில் மாற்றமில்லை.

இதனால்தான் நம் கல்லூரித் தோழர்கள் சிலர் "மெகாட்ரான்தான் நம்ம ஆள்" என்று ஸ்டேட்டஸ் போடுகிறார்கள். கோபம் புரிகிறது. ஆனால் அந்தப் பிள்ளையின் கேள்வி அங்கேதான் நம்மைப் பிடித்து நிறுத்துகிறது. களத்தில் தனக்குத் தானே பெயர் சூட்டிக்கொண்ட ஒருவர், தன் கீழே சுரங்கம் தோண்டுகிறவர்களுக்கு ஒரு பெயர் இருக்கட்டும் என்று நினைக்கவில்லை. கீழே மிதிக்க ஒருவர் இருக்கும்வரை மேலே இருப்பவரின் மிதி வலிக்காது என்ற ஏணியை அவர் உடைக்கவில்லை, ஏறிவிட்டார். நமது அமைப்புகளிலும் நாற்காலி அடுக்கவும் தேநீர் வாங்கவும் எப்போதும் ஒரே ஆட்கள்தான் எழுந்து போகிறார்கள், பெரும்பாலும் பெண்கள். அறிக்கையில் அவர்கள் பெயர் வருவதில்லை. நாங்களும் அப்படி அறிக்கை எழுதியவர்கள்தான்.

ஆட்டோபாட்டுகள் மட்டும் என்ன? எல்லோருக்கும் விடுதலை என்று பேசுகிற ஆப்டிமஸ், சுரங்கத்தில் நுழைந்ததும் வாளை வீசுகிறார். தோண்டிக்கொண்டிருப்பவரிடம் "எங்கள் பக்கம் வா" என்று அழைத்ததாக நாங்கள் பார்த்தவரை நினைவில்லை.

தொடர் முடிந்த பிறகு 2013இல் வந்த 'பிரிடகான்ஸ் ரைசிங்' படத்தில் யூனிக்ரான் என்ற பெரும் சக்தி மெகாட்ரானின் உடலைக் கைப்பற்றி வதைக்கிறது. மீண்டு வந்தவர், ஒடுக்குமுறையின் பொருள் இப்போது புரிந்தது, இனி பிறரை ஒடுக்க விருப்பமில்லை என்று சொல்லிப் படையைக் கலைத்துவிட்டுப் பறந்துபோகிறார். கைதட்ட வேண்டிய இடம்தான். ஆனால் மரண விளையாட்டுக் களத்தில் நின்றவருக்கு ஒடுக்குமுறை என்னவென்று தெரிய 65 அத்தியாயமும் ஒரு படமும் ஆயிற்றாம்! கதை எழுதியவர்கள் அவர் எங்கிருந்து வந்தார் என்பதையே மறந்துவிட்டார்கள்.

அடுத்த சனிக்கிழமை அந்தப் பிள்ளை ஒரு நோட்டோடு வந்தாள். சாகிற ஒவ்வொரு வெஹிக்கானுக்கும் ஒரு கோடு போடப்போகிறாளாம். இரண்டாவது அத்தியாயம் முடிவதற்குள் கோடு போடுவதை நிறுத்திவிட்டு, அவற்றுக்குப் பெயர் எழுத ஆரம்பித்திருந்தாள். எட்டிப் பார்த்தோம். எல்லாம் அவள் தெருக்காரர்களின் பெயர்கள்.