ஹாஸ்டல் ஜன்னல்: எனக்கும் மீசை இருக்கு!

போன வாரம் அரியர் புராணம் பாடினேன். இந்த வாரம் மேட்டர் கொஞ்சம் பர்சனல். பாய்ஸ், பக்கத்தைப் புரட்டாதீங்க. உங்களுக்கும் வேலை இருக்கு.

செகண்ட் இயர்ல ஒருநாள் கேன்டீன்ல ஒருத்தன், "ஏய், என்னைவிட உனக்குத்தான் மீசை சூப்பரா வளருது!"ன்னான். எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். ராத்திரி ஹாஸ்டல் கண்ணாடி முன்னாடி அரை மணி நேரம் நின்னேன். மறுநாளே முதல் பெஞ்ச்லேர்ந்து கடைசி பெஞ்ச்சுக்கு ஷிஃப்ட். பேப்பர் பிரசன்டேஷனுக்குப் பேர் கொடுத்துட்டு, மேடை ஏறாமலே வாபஸ்!

அப்புறம் ஆரம்பிச்சது நம்ம 'ஆராய்ச்சி'. அதோட ரிசல்ட் இதோ...

ப்ளீச்: முடி போகாது, நிறம்தான் மாறும். மாநிற முகத்துல தங்க மீசை மின்னும், பரவாயில்லையா? முதல்ல முழங்கை மடிப்புல கொஞ்சம் தடவி, ஒரு நாள் பார்த்துட்டு முகத்துக்கு வாங்க.

த்ரெட்டிங்: கண்ணுல தண்ணி நிச்சயம். வேரோட வர்றதால ரெண்டு மூணு வாரம் தாங்கும். புது நூலான்னு கேளுங்க. பல்லுல கடிச்சுப் பிடிச்சா 'வேணாம்க்கா'ன்னு தைரியமா சொல்லுங்க.

வாக்ஸிங்: பருவுக்கு ரெட்டினாய்டு க்ரீம் போடறவங்க கிட்டயே போகாதீங்க. முடியோட தோலும் உரிஞ்சு வந்துடும்.

ஷேவிங்: 'ஷேவ் பண்ணா அடர்த்தியா வளரும்'னு பாட்டிலேர்ந்து பார்லர் அக்கா வரை சொல்வாங்க. 1928-லயே மில்ட்ரெட் ட்ராட்டர்ங்கிற அமெரிக்க விஞ்ஞானி சோதிச்சுப் பார்த்து, அப்படி எதுவும் இல்லைன்னு சொல்லிட்டாங்க. இயற்கையா முடியோட நுனி கூரா இருக்கும். வெட்டினா மொட்டை ஆயிடும். அதான் தடவினா சொரசொர!

லேசர்: நம்ம ஏரியா! முடியில இருக்கிற மெலனின் ஒளியை உறிஞ்சி சூடாகும், அந்தச் சூட்டுல வேர் அடிபடும். ஆனா மெலனின் நம்ம தோல்லயும் இருக்கே? செட்டிங் தப்பினா தோல் பொசுங்கிடும். அதனாலதான் கறுப்புத் தோலுக்கு 1064 நானோமீட்டர் என்டி-யாக் லேசர் பாதுகாப்பானதுன்னு சொல்றாங்க. அந்த அலைநீளத்தை மெலனின் கம்மியாத்தான் உறிஞ்சும். நாலஞ்சு வாரத்துக்கு ஒண்ணுன்னு பல சிட்டிங் ஆகும். முடி நல்லாக் குறையும், ஆனா மொத்தமா ஒழியும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. ஆஃபர் நோட்டீஸைப் பார்த்து ஓடாம, தோல் டாக்டர்கிட்ட போங்க.

எலெக்ட்ரோலைசிஸ்: 1875-ல சார்லஸ் மைக்கேல்ங்கிற அமெரிக்கக் கண் டாக்டர், கண்ணுக்குள்ள குத்துற இமை முடியை எடுக்கறதுக்குன்னு எழுதி வெளியிட்ட வித்தை. ஒவ்வொரு முடியோட வேர்லயும் ஊசி விட்டு கரன்ட் கொடுப்பாங்க. வேர் செத்தா அந்த முடி திரும்ப வராது. பர்ஸும் பொறுமையும் பெருசா இருக்கணும்!

இவ்ளோ லிஸ்ட்டோட போய், "லேசரா, எலெக்ட்ரோலைசிஸா மேடம்?"னு கேட்டேன். டாக்டர் சிரிச்சுட்டு, "எப்படி எடுக்கலாம்னு கேக்கறே. ஏன் வந்துச்சுன்னு யோசிச்சியாம்மா? பீரியட்ஸ் மாசாமாசம் வருதா?"ன்னாங்க.

திக்குனு ஆயிடுச்சு. ரெண்டு மூணு மாசத்துக்கு ஒரு தடவைதான் வந்துட்டிருந்தது. எக்ஸாம் டென்ஷன்னு நானே முடிவு பண்ணி, அம்மாகிட்டகூட சொல்லலை. ரத்த டெஸ்ட், ஸ்கேன்... ரிசல்ட், பிசிஓஎஸ். ஹார்மோன் கோளாறு. பத்துப் பொண்ணுங்கள்ல ஒருத்திக்கு இருக்கிற சமாச்சாரம். கவனிக்காம விட்டா பின்னாடி சர்க்கரை நோய் வர்ற ஆபத்தும் அதிகம். நான் மாசாமாசம் நூல் போட்டுப் பிடுங்கிட்டிருந்தது, என் உடம்பு அடிச்சிட்டிருந்த அலாரத்தை!

அதனால கேர்ள்ஸ்... கன்னத்துல இருக்கிற பூனைமுடி எல்லாருக்கும் உண்டு, விடுங்க. மேல் உதடு, தாடையில முரட்டு முடி, கூடவே பீரியட்ஸ் குழப்பம், விடாத பருன்னா முதல்ல டாக்டர், அப்புறம் பார்லர். திடீர்னு வேகமா வளர்ந்து குரலும் கட்டையானா ஒரு நாள்கூட தள்ளிப் போடாதீங்க. 'சிவப்பழகு'ன்னு மெடிக்கல் ஷாப்ல கேட்டு வாங்குற ஸ்டீராய்டு க்ரீம் வேண்டவே வேண்டாம். அதுவே முகத்துல முடி வளர்க்கும்.

எனக்கு மாத்திரையும் நடையும் ஓடுது. முடியில வித்தியாசம் தெரியவே ஆறு மாசம் ஆகும்னு சொல்லிட்டாங்க. நடுவுல த்ரெட்டிங். சில வாரம் அதுவும் இல்லை, சோம்பேறித்தனம்!

போன மாசம் பேப்பர் பிரசன்டேஷன். அன்னிக்குன்னு பார்த்து பார்லர் லீவு. மீசையோடவே ஏறிட்டேன். வந்த கேள்வி எல்லாம் என் சர்க்யூட்டைப் பத்திதான்.

பாய்ஸ், உங்க வேலை என்னன்னு கேட்டீங்கள்ல? அந்த கேன்டீன் ஜோக்கை அடிக்காம இருங்க. அவ்ளோதான்.

அடுத்த வாரம் மெஸ் சாம்பார் முன்னாடி மீட் பண்ணுவோம். பை!