மூக்கை நீட்டு, பின்னால் இழு!

அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில், மெக்கன்ஸி நதியில் மீன் பிடிக்க ‘டிரிஃப்ட் போட்’ என்றொரு படகு. அடி தட்டை, இரண்டு முனையும் வாழைப்பழம் மாதிரி மேலே வளைந்திருக்கும். ஏரிப் படகில் போகிற திசைக்கு முதுகைக் காட்டி உட்காருவோமில்லையா, இதில் வருவதை நேருக்கு நேர் பார்த்தாக வேண்டும்.

முதல் நாளே புரிந்துவிடுகிறது: படகை ஓட்டுவது ஆறு, நம்ம வேலை பிரேக் போடறது. எதிரே பாறையா? படகின் மூக்கைச் சாய்வாக அதன் பக்கமே நீட்டி, துடுப்பைப் பின்னால் இழுக்கணும். படகு வேகம் குறைந்து, பக்கவாட்டில் நழுவி விலகும். கை லேசில் நம்பாது!

அப்படியும் படகு குறுக்கே போய் மோதினால், பாறைப் பக்கமே சாயணும். கடன்காரர் தோளில் சாய்கிற மாதிரி, மனசே வராது. எதிர்ப்பக்கம் சாய்ந்தால் அந்த விளிம்பு அமுங்கி, ஆறு உள்ளே வந்துவிடும்.

பாறையைவிடப் பொல்லாதது விழுந்து கிடக்கும் மரம். டீ வடிகட்டியேதான். தண்ணீர் இறங்கிப் போய்விடும், தூள் மாட்டிக்கொள்ளும். தூள், நாம்.

லைஃப் ஜாக்கெட்டை சீட்டுக்கடியில் பத்திரமாக வைத்திருப்பவர்களைப் பற்றி அடுத்த வாரம்.