இரவற் குரல்

மருதனார்மடத்துக்கும் குரலுக்கும் உள்ள உறவு நேற்று இன்று ஏற்பட்டதன்று. சேர் பொன்னம்பலம் இராமநாதன் அவர்கள் 1913ஆம் ஆண்டிலே பெண்மக்களுக்கென நிறுவிய கல்லூரி இவ்வூரிலேதான் இருக்கின்றது. 1960ஆம் ஆண்டு தொடங்கிய இராமநாதன் இசைக் கழகமும் இங்கேதான் எழுந்தது. மகாராஜபுரம் சந்தானம் அவர்கள் அதன் அதிபராயிருந்து எங்கள் பிள்ளைகளுக்குச் சங்கீதம் பயிற்றினார். பின்னர் அக்கழகம் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. சந்தை இரைச்சல் சற்று ஓய்ந்திருக்கும் வேளையிலே அவ்வழியாற் செல்வோர் சாதகம் செய்யும் குரல்களை இன்றும் கேட்கலாம்.

பாடுங் குரலுக்கு நாம் அளித்த மதிப்புக்குக் குறைவில்லை. இலங்கை வானொலியின் அறிவிப்பாளர்கள் திரைப்பாடல் ஒன்றை ஒலிபரப்புமுன் பாடியவர், இயற்றியவர், இசை அமைத்தவர் ஆகியோரின் பெயர்களைச் சொல்லிவிட்டே இசைத்தட்டைச் சுழலவிட்டனர். அதனால், படமே பார்த்தறியாத பாட்டிமாருக்கும் சுசீலாவின் குரல் எது, ஜானகியின் குரல் எது என்று பிரித்தறியத் தெரிந்திருந்தது. ஆனால் பேசுங் குரலின் கதி வேறு. 1995இல் வெளிவந்த 'பம்பாய்' படத்திலே ஷைலா பானுவாகத் தோன்றிய மனீஷா கொய்ராலா நேபாளத்தவர் என்பதை அறிந்தவர் பலர். அவர் வாயிலிருந்து வந்த அந்தத் தமிழ் யாருடையது என்று கேட்டால் விடை சொல்வோர் சிலரே. அக்குரலுக்கு உரியவர் நடிகை ரோகிணி.

ரோகிணியை நம் வாசகர்கள் அறியாதவர்களல்லர். ஆந்திர நாட்டிலே அனகாப்பள்ளியில் 1969ஆம் ஆண்டு பிறந்தவர். பள்ளிக்கூடத்துக்கு முதன்முதற் செல்லும் பருவத்திலேயே தெலுங்குப் படங்களிற் குழந்தை நட்சத்திரமானவர். எண்பதுகளில் மலையாளப் படங்களிலே கதாநாயகியாக விளங்கினார். தமிழ்நாட்டிலும் தெலுங்கு நாட்டிலும் அவருக்குப் பாத்திரங்கள் கிடைத்தன. அவருடைய இல்வாழ்க்கையைக் குறித்துப் பத்திரிகைகள் எழுதியவை ஏராளம். அவற்றுள் எதனையும் இங்கே எடுத்தெழுத நாம் விரும்பவில்லை. தொழிலே நமக்குப் பொருள்.

குரல் கொடுக்கும் தொழில் எவ்வாறு நடைபெறுகிறது என்பதை மாணவர்களுக்காகச் சிறிது விரித்துரைப்போம். படப்பிடிப்பு நடக்கும் இடத்திலே பதிவாகும் பேச்சில் மோட்டார் இரைச்சலும் காற்றும் காகமும் கலந்துவிடும். ஆகவே, தென்னாட்டுப் படங்கள் பலவற்றிலே பேச்சு முழுவதையும் பின்னர் ஒலிப்பதிவுக் கூடத்தில் மறுபடி பதிவு செய்வது வழக்கமாயிற்று. முற்காலத்தில் படச்சுருளைச் சிறு சிறு துண்டங்களாக்கி, ஒவ்வொன்றையும் வளையமாக ஒட்டி, திரையிலே திரும்பத் திரும்ப ஓடவிடுவார்கள். குரல் கொடுப்பவர் காதிலே ஒலிவாங்கியின் துணைக்கருவியை மாட்டிக்கொண்டு, திரையில் அசையும் உதடுகளைப் பார்த்தபடி பேசவேண்டும். இப்போது கணினி அந்த வேலையை இலகுவாக்கிவிட்டது. எனினும், உதடு மூடும்போது 'ம'கரமும் 'ப'கரமும் வந்து விழவேண்டும் என்ற நியதியில் மாற்றமில்லை. அழுகை என்றால் அழவேண்டும். ஆனால் எதிரே அழுவிக்கும் துணை நடிகர் இல்லை, மழை இல்லை, பிணம் இல்லை. இருட்டறையில் ஒரு மேசையும் ஓர் ஒலிவாங்கியுமே உண்டு. முகத்தை உடையவர் என்றோ அழுது முடித்துவிட்டுப் போயிருப்பார். அவருடைய மூச்சு எங்கே இழுபட்டது, தொண்டை எங்கே அடைத்தது என்பதைப் பார்த்தறிந்து, அந்த அழுகையைத் தம்முடையதாக்கி அழவேண்டியவர் குரற் கலைஞரே. இதனையும் நடிப்பென்று கொள்ளாவிடின் வேறெதனை நடிப்பென்பது?

1989இல் மணிரத்தினம் தெலுங்கில் எடுத்த 'கீதாஞ்சலி'யில் கதாநாயகி கிரிஜாவுக்குக் குரல் தந்தவர் ரோகிணி. பின்னர் 'பம்பாய்'. அதன்பின் 1997இல் 'இருவர்'. அப்படத்திலே ஐஸ்வர்யா ராய் இரண்டு வேடங்களில் தோன்றினார்: ஒருத்தி நாணங் கொண்ட நாட்டுப்புற மணப்பெண், மற்றவள் துணிச்சல் மிக்க நடிகை. முகம் ஒன்றே, வேறுபாடு காட்டவேண்டிய கடமையிற் பெரும்பங்கு குரலின்மேல் விழுந்தது. அவ்விரு பெண்களும் பேசுந் தமிழ் ரோகிணியின் தமிழே. 2010இல் 'இராவணன்' படத்திலும் அதே முகத்துக்கு அவரே குரலானார். காட்டிலே சிறைப்பட்ட பெண்ணின் சினமும் அச்சமும் கலந்த பேச்சு அது.

இவர் தாமும் திரையிலே முகங் காட்டியவர் என்பதே நாம் சிறப்பாகக் குறிப்பிட விரும்பும் செய்தி. மட்டக்களப்பு அமிர்தகழியிற் பிறந்து இந்தியத் திரையுலகிற் புகழ் நாட்டிய நம் பாலு மகேந்திரா 1993இல் 'மறுபடியும்' என்ற படத்தை எடுத்தார். மகேஷ் பட்டின் 'அர்த்' என்னும் இந்திப் படத்தின் தமிழாக்கம் அது. மனைவியாக ரேவதியும், அவளுடைய கணவனைக் கவர்ந்த நடிகையாக ரோகிணியும் நடித்தனர். பார்ப்போரின் வெறுப்புக்கு எளிதில் ஆளாகக்கூடிய பாத்திரம்; ஆயினும் அப்பெண்ணின் மனக்கலக்கத்தைக் கண்டு இரங்காமல் இருக்க முடியாது. அடுத்த ஆண்டு வெளிவந்த 'மகளிர் மட்டும்' படத்திலே, அலுவலகத்தைக் கூட்டிச் சுத்தஞ் செய்யும் பாப்பம்மாவாகச் சென்னைச் சேரித் தமிழைச் சிந்தினார். 1995இல் சேதுமாதவன் இயக்கிய 'ஸ்திரீ' என்னும் தெலுங்குப் படத்துக்காக இந்திய அரசின் தேசிய விருதுக் குழு அவரைச் சிறப்பாகக் குறிப்பிட்டுப் பாராட்டியது. 2004இல் 'விருமாண்டி'யில் தூக்குத் தண்டனையைக் குறித்துச் சிறைக்கைதிகளிடம் பேட்டி காணும் ஏஞ்சலா காத்தமுத்து ஆனார். 2015இல் 'பாகுபலி'யிலே ஆற்றிலிருந்து எடுத்த குழந்தையை வளர்க்கும் தாயாக வந்தார்.

தம் முகத்துக்கே வேலையிருந்த ஒருவர் பிறர் முகத்துக்காக இருட்டறையிற் போய் நின்றதை இறக்கமென்று கருதுவோர் உளர். நாம் அவ்வாறு கருதவில்லை. நடிகைக்கு வயது முப்பதைத் தாண்டினாற் பாத்திரங்கள் அருகிப்போகும் திரையுலகம் அது. அங்கே குரலுக்கு வயதில்லை. 'இராவணன்' வெளிவந்தபோது ரோகிணிக்கு நாற்பது. குறையெல்லாம் கொடுத்தவரிடத்து இல்லை. அதைப் பெற்றுக்கொண்டு பெயரை மறைத்தவரிடத்தே இருக்கின்றது.

மறைப்பு எவ்வளவு காலம் நீளக்கூடும் என்பதற்கு ஓர் உதாரணம் கூறலாம். 1993இல் வெளிவந்த 'மணிச்சித்திரத்தாழ்' என்ற மலையாளப் படத்துக்காக ஷோபனா சிறந்த நடிகைக்கான தேசிய விருது பெற்றார். அதிலே நாகவல்லி தமிழிற் சீறும் கட்டத்தை அறியாதார் இல்லை. அக்குரல் பாக்கியலட்சுமி என்ற புகழ்பெற்ற குரற் கலைஞருடையதென்றே நெடுங்காலம் எல்லோரும் நம்பியிருந்தனர். அது தமிழ்க் கலைஞர் துர்க்காவின் குரல் என்பதை இயக்குநர் பாசில் வெளியிட்டது 2016இலேதான். இருபத்துமூன்று ஆண்டுகள்! மேல்நாடும் இதில் மேம்பட்டதன்று. அமெரிக்காவிலே மார்னி நிக்சன் என்ற பெண்மணி 1956இல் டெபரா கெருக்கும், 1961இல் நட்டலி வூட்டுக்கும், 1964இல் ஓட்ரி ஹெப்பேர்னுக்கும் பாட்டுக் குரல் தந்தார். திரையிலே அவர் பெயர் காட்டப்படவில்லை. 1965இல் 'சவுண்ட் ஒவ் மியூசிக்' படத்திலே கன்னியாஸ்திரீகளுள் ஒருத்தியாக வந்து ஒருவாறு தம் முகத்தையும் காட்டினார். பின்னாளில் தமிழ்நாட்டரசு குரற் கலைஞருக்கும் ஆண்டு விருது வழங்கத் தொடங்கியமை ஓரளவு ஆறுதல்.

குடும்பத்தார் கவனிக்கவேண்டிய ஒன்றும் உண்டு. குழந்தை நட்சத்திரமாக வளர்ந்த ரோகிணி, பெரியவரானபின் படக்கருவியைத் தாமே கையில் எடுத்தபோது, குழந்தை நடிகர்களின் வாழ்வைக் குறித்து 'சைலன்ட் ஹ்யூஸ்' என்ற ஆவணப்படம் ஒன்றை இயக்கினார். தொலைக்காட்சிப் போட்டிகளிலே தம் பிள்ளையை மேடையேற்றத் துடிக்கும் பெற்றார் இந்நாளிற் பெருகிவிட்டனர். விளக்கொளியில் நிற்கும் பிள்ளை எத்தனை மணிக்குத் தூங்கியது, எத்தனை நாள் வகுப்புக்குப் போகவில்லை என்பதை, அந்த ஒளியில் நின்று வளர்ந்த ஒருவரே கேட்க முன்வந்திருக்கிறார். 2007இல் 'பச்சைக்கிளி முத்துச்சரம்' படத்துக்கு ஒரு பாட்டும் எழுதினார். தெலுங்கு நாட்டிற் பிறந்தவர் தமிழிற் பாட்டெழுதும் அளவுக்கு இம்மொழியைப் பயின்றார் என்பது நம் மாணவர்கள் செவிக்கு எட்டவேண்டிய செய்தி.

தொண்ணூறுகளின் முற்பகுதியிலே யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. துவிச்சக்கர வண்டியைக் கவிழ்த்து வைத்து, மிதியைக் கையாற் சுழற்றி, டைனமோவின் மின்னிலே வானொலி கேட்டவர்கள் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள். முகந் தெரியாமற் குரலை மட்டும் கேட்கும் பயிற்சி அவர்களுக்கு அப்போதே வாய்த்துவிட்டது. அவர்கள் தம் பேரப்பிள்ளைகளை அருகில் இருத்தி, 'பம்பாய்' படத்தை ஓடவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு ஷைலா பானு பேசுவதைக் கேட்கச் செய்யலாம். உடனேயே 'மகளிர் மட்டும்' படத்தின் பாப்பம்மாவைக் கேட்கச் சொல்லி, இரண்டும் ஒருவர் குரலா, இருவர் குரலா என்று வினவிப் பார்க்கட்டும்.