நட்சத்திரம் பார்த்து வண்டி வாங்கலாமா?

எலுமிச்சை ஊறுகாய்க்கு உப்புக் கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தவள் திடீரென்று கார் பேச்சை எடுத்துவிட்டாளே என்று சிரிக்காதீர்கள். வந்திருக்கும் கடிதங்களில் நாலைந்து இதைத்தான் கேட்கின்றன. "இவர் ஒரு வண்டிக்கு ஐந்து ஸ்டார் என்கிறார். என் தம்பி இன்னொரு வண்டிக்குத்தான் அவார்டு என்கிறான். கொழுந்தனார் செல்போனில் வீடியோ போட்டுக் காட்டி, இரண்டுமே வேண்டாம் என்கிறார். எதை அக்கா நம்புவது?" என்று ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். சீட்டு எடுத்து, போதாததற்கு நகையையும் வைத்து வாங்குகிற பொருள். ஓட்டுகிறவர் யாராக இருந்தாலும், தவணை கட்டி முடிகிற வரைக்கும் மளிகைக் கணக்கில் இழுத்துப் பிடிக்கப் போவது நாம்தானே? நாம் கேட்க வேண்டிய கேள்விதான்.

ஸ்டார் என்பது நமக்குப் புதிதல்ல. ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி வருகிறதே, அதே சங்கதிதான். மத்திய அரசு 2006-ல் அந்த லேபிளைக் கொண்டுவந்தது. 2010-லிருந்து ஏ.சி.க்கும், தானாகப் பனி கரைகிற ஃபிரிட்ஜுக்கும் அது கட்டாயமாயிற்று. அந்த ஐந்து ஸ்டார் என்ன சொல்கிறது? கரண்டு கம்மியாக இழுக்கும் என்று மட்டும்தான். கம்ப்ரஸர் பத்து வருஷம் உழைக்குமா, கதவு ரப்பர் இரண்டாம் வருஷமே பிய்ந்து தொங்குமா என்பதைப் பற்றி லேபிள் வாயே திறப்பதில்லை. அளவுகோலையும் அவ்வப்போது இறுக்குகிறார்கள். ஆகையால் சில வருஷத்துக்கு முந்தைய ஐந்து ஸ்டார் இன்றைக்கு நாலாகவோ மூன்றாகவோ ஆகிவிடலாம். லேபிளில் வருஷம் போட்டிருப்பது அதற்காகத்தான்.

காருக்குச் சொல்கிற ஸ்டாரும் இப்படித்தான். நம் நாட்டில் 2023 அக்டோபர் 1-ந் தேதியிலிருந்து 'பாரத் என்கேப்' என்ற சோதனை நடக்கிறது. வண்டியை மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் தடுப்பில் மோதவிட்டு, உள்ளே உட்கார வைத்த பொம்மைகளுக்கு எங்கெங்கே எவ்வளவு அடி என்று அளக்கிறார்கள். பக்கவாட்டு மோதலும் உண்டு. பெரியவர்களுக்குத் தனி ஸ்டார், குழந்தைகளுக்குத் தனி ஸ்டார். கைக்குழந்தை வைத்திருக்கிறவர்கள் இரண்டாவதைக் கட்டாயம் கேளுங்கள். விளம்பரத்தில் முதலாவதுதான் கொட்டை எழுத்தில் இருக்கும். மிக நல்ல சோதனை. வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அது சொல்வது, மோதினால் உயிர் பிழைக்குமா என்பதை. காலையில் சாவி போட்டால் வண்டி கிளம்புமா என்பதை அது சொல்லாது. இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதுதான் வீட்டுக்கு வீடு நடக்கிற சண்டைக்குக் காரணம்.

நம் தமிழ்நாட்டிலேயே பிறந்த ஒரு வண்டியை எடுத்துக்கொள்வோம். ஃபோர்டு கம்பெனி மறைமலை நகரில் செய்த ஃபிகோ. 2010-ல் கடைக்கு வந்தது. மோட்டார் பத்திரிகைக்காரர்கள் கூடித் தேர்ந்தெடுக்கிற 'இந்தியன் கார் ஆஃப் தி இயர்' விருது 2011-க்கு இதற்குத்தான் கிடைத்தது. 2013-ல் ஸ்டியரிங் குழாயிலும் பின்சக்கரப் பக்கத்துப் பாகத்திலும் குறை இருக்கலாம் என்று, ஃபிகோவும் கிளாசிக்குமாக ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகளைக் கம்பெனியே திரும்பக் கூப்பிட்டுச் சரி பார்த்தது. 2014 ஜனவரியில் குளோபல் என்கேப் என்ற வெளிநாட்டு அமைப்பு இந்தியாவில் நன்றாக விற்கிற ஐந்து சின்ன வண்டிகளை மோதவிட்டுப் பார்த்தது. ஆல்டோ 800, நானோ, ஐ10, போலோ, இந்த ஃபிகோ. ஐந்துக்கும் பெரியவர் பாதுகாப்பில் பூஜ்யம்!

அவார்டு வாங்கிய வண்டிக்கா பூஜ்யம் என்று அன்றைக்கு எத்தனை பேர் திகைத்திருப்பார்கள். விஷயத்தை முழுக்கப் படித்தால் திகைப்பு குறையும். அவர்கள் சோதித்தது விலை குறைந்த, ஏர்பேக் இல்லாத ரகங்களை. ஃபிகோவிலும் போலோவிலும் உடம்புக்கூடு நின்று பிடித்தது என்றும், மற்ற மூன்றில் கூடே தாங்கவில்லை என்றும் அந்த அறிக்கையிலேயே இருக்கிறது. இரண்டு ஏர்பேக் வைத்த போலோவை மோதவிட்டபோது நாலு ஸ்டார்! பெயர் ஒன்று, நிறம் ஒன்று. உள்ளே பை இருக்கிறதா இல்லையா என்பதில் பூஜ்யத்துக்கும் நாலுக்கும் வித்தியாசம். (இப்போது முன்பக்கம் இரண்டு ஏர்பேக் எல்லாப் புது வண்டிக்கும் சட்டப்படி வந்துவிட்டது. பழைய வண்டி வாங்குகிறவர்கள்தான் கவனிக்க வேண்டும்.)

கதை இன்னும் முடியவில்லை. 2021 செப்டம்பரில் ஃபோர்டு கம்பெனி, இனி இந்தியாவில் விற்பதற்குக் கார் செய்யப் போவதில்லை என்று அறிவித்துவிட்டது. 2022-ல் மறைமலை நகரில் உற்பத்தி நின்றது. சர்வீஸும் சாமானும் கொடுப்போம் என்று சொன்னார்கள், சரி. ஆனாலும் வாங்கி வைத்திருந்தவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்? இதை எந்த ஸ்டார் சொல்லியிருக்கும்?

இதில் யார் பொய் சொன்னார்கள் என்று பார்த்தால், ஒருவருமில்லை. விருது கொடுத்தவர்கள், புது வண்டிகளில் எது தேவலை என்ற கேள்விக்குப் பதில் சொன்னார்கள். மோதவிட்டவர்கள் மோதலுக்குப் பதில் சொன்னார்கள். "ஐந்தாம் வருஷம் எப்படி ஓடும்?" என்று நாம் கேட்பது இவர்கள் யாரிடமும் இல்லாத பதில்.

அந்தக் கேள்விக்குப் பதில் தேடுகிறவர்கள் அமெரிக்காவில் இருக்கிறார்கள். 'கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ்' என்று 1936-லிருந்து நடக்கிற அமைப்பு. விளம்பரம் வாங்குவதில்லை. சோதிக்கிற காரைக் கம்பெனியிடம் இரவல் கேட்காமல், நம்மைப் போலக் கடையில் காசு கொடுத்து வாங்குகிறார்கள். வருஷா வருஷம் சந்தாதாரர்களிடம் "உங்கள் வண்டியில் என்ன கெட்டுப்போயிற்று?" என்று கேட்டுத் தொகுக்கிறார்கள். தங்கள் மதிப்பெண்ணை விளம்பரத்தில் போட நெடுங்காலம் எந்தக் கம்பெனியையும் விட்டதில்லை.

'ஜே.டி. பவர்' என்று இன்னொன்று, 1968-ல் தொடங்கியது. நம் நாட்டிலும் பல வருஷம் கணக்கெடுத்திருக்கிறார்கள். இவர்களுடைய ஒரு கணக்கு வாங்கிய முதல் 90 நாளைப் பற்றியது. இன்னொன்று மூன்று வருஷம் ஆன வண்டியைப் பற்றியது. '100 வண்டிக்கு இத்தனை குறை' என்று சொல்வார்கள். இங்கேதான் நாம் கொஞ்சம் விழித்துக்கொள்ள வேண்டும். மிக்ஸியில் மூடி இறுக்கமாக இருப்பது ஒரு குறை, மோட்டார் எரிந்துபோவது ஒரு குறை என்று இரண்டையும் ஒன்று, ஒன்று என்றே எண்ணினால் எப்படி? அந்தக் கணக்கில் செல்போன் வண்டியோடு சரியாகச் சேரவில்லை என்பதும் ஒரு குறை, கியர் பெட்டி போனதும் ஒரு குறை. இவர்கள் தருகிற விருதை விளம்பரத்தில் போட்டுக்கொள்ள கம்பெனிகள் பணம் கட்ட வேண்டும் என்பதும் தெரிந்திருக்கட்டும். பணம் கட்டியதால் விருது கிடைத்தது என்று அர்த்தமில்லை. விருது வந்த பிறகுதான் பணம்.

சோதனையிலேயே ஏமாற்றினால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். அதுவும் நடந்திருக்கிறது. ஃபோக்ஸ்வாகன் கம்பெனியின் டீசல் வண்டிகள், சோதனைக்கூடத்தில் நிற்கிறோம் என்பதைத் தாமே கண்டுபிடித்து அங்கே மட்டும் புகையைக் குறைத்து விட்டன. ரோட்டுக்கு வந்தால் பழையபடி. அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகத்துக்காரர்கள் கருவியை வண்டியிலேயே கட்டி ரோட்டில் ஓட்டிப் பார்த்ததில் குட்டு வெளிப்பட ஆரம்பித்தது. 2015-ல் கம்பெனியே ஒப்புக்கொண்டது. உலகம் பூராவும் 1 கோடியே 10 லட்சம் வண்டிகள். கேள்வித்தாள் முன்கூட்டியே தெரிந்த பிள்ளை நூற்றுக்கு நூறு வாங்குவது போலத்தான்.

வீடியோக்காரர்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பெரும்பாலும் கம்பெனி கொடுத்த புத்தம்புது வண்டியை இரண்டு நாள் ஓட்டிவிட்டுப் பேசுகிறார்கள். இரண்டு நாளில் இருக்கையின் மெத்தையைச் சொல்லலாம், இழுவையைச் சொல்லலாம். காசோ பரிசோ வாங்கிக்கொண்டு புகழ்ந்தால் அதைப் பார்ப்பவர்களுக்குத் தெரியும்படி சொல்ல வேண்டும் என்று மத்திய அரசு 2023 ஜனவரியில் வழிமுறை வெளியிட்டது. தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் வரை அபராதம் போட 2019-ம் வருஷத்து நுகர்வோர் சட்டத்தில் இடம் உண்டு. ஆகையால் வீடியோவில் எங்கேயாவது 'விளம்பரம்' என்று சின்னதாக எழுதியிருக்கிறதா என்று கண்ணாடி போட்டுப் பாருங்கள்.

இனி நம் ஊர் சமாசாரம். எங்கள் வீட்டிலும் இப்போது இதே பேச்சுதான். என் மாமனாருக்கு வாரம் இரண்டு தடவை ராமநாதபுரத்தில் டயாலிசிஸ். ஒவ்வொரு தடவையும் வாடகை வண்டி பிடித்துக் கட்டுப்படியாகவில்லை. துபாயில் இருக்கும் என் கொழுந்தனார் போனில், "மதினி, இந்த வண்டிக்கு அஞ்சு ஸ்டாரு, கண்ண மூடிக்கிட்டு எடுங்க" என்கிறார். "தம்பி, மோதினா என்ன ஆகும்னு அது சொல்லுது. செவ்வாக்கிழமை காலையில அஞ்சு மணிக்கு கிளம்புமான்னு யாரு சொல்றது?" என்று கேட்டேன். ஒரு நாள் வண்டி நின்றுபோனால் அன்றைய சுத்திகரிப்பு போயிற்று. மாமா கால் வீங்கி மூச்சு வாங்க ஆரம்பித்துவிடுவார். எங்களுக்குக் கேள்வி அது ஒன்றுதான்.

கடலாடிப் பக்கம் வண்டிக்கு என்னென்ன எதிரி என்று புனேயில் இருக்கிறவருக்குத் தெரியுமா? உப்புக்காற்று. கழுவுகிற போர் தண்ணீரும் உப்பு. காவிரித் தண்ணீரைக் குடிக்கப் பிடித்து வைப்பதே பெரும்பாடு, காருக்கு எங்கே ஊற்றுவது? மேலே பெயிண்ட் பளபளவென்று இருக்கும். அடியில் தகரம் துருப்பிடித்து உதிரும். ஒயர் முனைகளில் பச்சை பூத்துவிடும். வெயிலில் பேட்டரி சீக்கிரம் சாகும். சீமைக் கருவேல முள் டயரைக் குத்தும். எலி ஒயரைக் கடிக்கும்.

சம்பந்தம் பேசும்போது நாம் என்ன செய்கிறோம்? தரகர் சொல்வதைக் கேட்டுக்கொள்கிறோம், ஜாதகத்தில் நட்சத்திரமும் பார்க்கிறோம். அதோடு விட்டுவிடுகிறோமா? பையன் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி இருக்கிற அம்மாளிடம் போய், தண்ணீர் கேட்கிற சாக்கில் விசாரிக்கிறோம் அல்லவா? அதேதான். எங்கள் தெருவில் ஒரு டீச்சர் எட்டு வருஷமாக ஒரு சின்னப் பெட்ரோல் வண்டி வைத்திருக்கிறார். "பேட்டரி ரெண்டு தடவ மாத்துனேன், கிளட்சு ஒரு தடவ. வேற ஒண்ணும் இல்லக்கா" என்றார், பில்லையும் எடுத்துக் காட்டினார். அடுத்த தெருவில் இன்னொருவர் வாங்கிய புது வண்டிக்கு ஸ்டார் நிறைய. ஆறே மாதத்தில் முன்னால் இருக்கிற டி.வி. மாதிரியான திரை அணைந்து, சாமான் வரவில்லை என்று மூன்று வாரம் ஷோரூமிலேயே கிடந்தது. இரண்டு வண்டியை வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது, தெரியும். பத்துப் பேரைக் கேட்டால் ஓரளவு பிடிபடும். ஒரே இன்ஜின்தானா, ஒரே வருஷத்து மாடல்தானா என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும். பெயரை மட்டும் வைத்துக்கொண்டு உள்ளே எல்லாவற்றையும் மாற்றிவிடுகிறார்கள்.

எல்லாக் கம்பெனி வண்டியையும் பார்க்கிற, எந்த ஷோரூமையும் சேராத மெக்கானிக் ஒருவர் சொன்னதுதான் எனக்கு உபயோகமாக இருந்தது. "அக்கா, வண்டி எப்படி ஓடுதுன்னு எல்லாரும் கேக்குறாங்க. நின்னா எத்தன நாள் நிக்கும்னு கேளுங்க. சில வண்டிக்கு சாமான் ராம்நாட்டுலயே கிடைக்கும். சிலதுக்கு மதுரைக்குச் சொல்லி விடணும், பத்து நாள் ஆனாலும் ஆகும்." எங்கள் வீட்டுக்குப் பத்து நாள் என்றால் மூன்று டயாலிசிஸ். கொழுந்தனாரின் பட்டியலில் இருந்த நாலு வண்டியில் இரண்டு இந்த ஒரு கேள்வியிலேயே கழிந்துவிட்டன. மிச்சம் இரண்டில் குழந்தை, பெரியவர் இரண்டு ஸ்டாரும் எதற்கு நன்றாக இருக்கிறது என்று இப்போது பார்த்துக்கொண்டிருக்கிறோம். ஸ்டாரைத் தூக்கி எறியவில்லை, பார்த்தீர்களா?

வாங்கிய பிறகு குறை தெரிந்தால் பில்லும் சர்வீஸ் சீட்டும் பத்திரம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915; தமிழிலும் பேசலாம். குறையுள்ள வண்டிகளைக் கம்பெனி திரும்ப அழைக்க வேண்டும் என்ற விதி 2021 ஏப்ரலில் அமலுக்கு வந்தது.

ஒரு வேண்டுகோள். ஐந்து வருஷத்துக்கு மேல் கார் வைத்திருக்கும் சகோதரிகள் ஒரு கார்டு எழுதிப் போடுங்கள். என்ன வண்டி, எந்த வருஷம், எத்தனை கிலோமீட்டர், எந்த ஊர், என்ன மாற்றினீர்கள், எத்தனை நாள் நின்றது. தொந்தரவே இல்லாதவர்களும் எழுத வேண்டும். கோபப்பட்டவர்கள் மட்டும் எழுதினால் எல்லா வண்டியும் மோசம் என்று ஆகிவிடும். கடற்கரை ஊர்க்காரர்கள் அடித்தகரத்தைக் குனிந்து பார்த்துவிட்டு எழுதுங்கள். யார் பெயரையும் போட மாட்டேன். கணிசமாகச் சேர்ந்ததும் இதே பக்கத்தில் தொகுத்துத் தருகிறேன்.