ருசி வேறு, சுத்தம் வேறு

கோலார் தங்கவயலில் சுரங்கங்கள் 2001இல் மூடப்பட்டன. சயனைடு மண்மேடுகள் இன்னும் கண்ணை உறுத்துகின்றன. கண்ணுக்குத் தெரியாத தொல்லை, மாவட்டத்துப் போர்வெல் தண்ணீரில் இருக்கும் ஃப்ளோரைடு. நிறமில்லை, வாடையில்லை. அளவு மீறினால் குழந்தைகளின் பற்களில் கறை. வருடக்கணக்கில் குடித்தால் எலும்புகளும் பாதிக்கப்படும். இந்தியத் தர நிர்ணயப்படி அதிகபட்சம் லிட்டருக்கு 1.5 மில்லிகிராம்.

ஃபிரிட்ஜில் இருக்கும் ஃபில்டர் போதாதா? போதாது. அதிலிருப்பது பெரும்பாலும் கரி. குளோரின் வாடையை இழுத்துக்கொள்ளும், தண்ணீர் ருசிக்கும். ஃப்ளோரைடு நழுவிவிடும். கொதிக்க வைத்தாலும் போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அதன் செறிவுதான் கூடும். அதை அகற்ற ஆர்.ஓ. அல்லது ஆக்டிவேட்டட் அலுமினா வேண்டும். எனவே முதல் செலவு பரிசோதனைக்கு. ஃபில்டர் பிறகு.