இரைச்சல் ஏறும், வேகம் ஏறாது

1984-இல் வெளிவந்த மாருதி வேன், பின்னர் ஆம்னி என்று பெயர் பெற்று, 2019-இல் உற்பத்தி நின்றது. ஆயினும் நம் குடும்பங்கள் சிலவற்றில் அவ்வண்டி இன்றும் ஓடுகிறது. சிலருக்கு அதுவே பிழைப்புக்கு ஆதாரம். அது முதுமையடையும்போது தோன்றும் ஒரு குறையைப் பற்றி இம்மாதம் ஆராய்வோம்.

மேம்பாலத்தில் ஏறும்போது எஞ்சினின் இரைச்சல் உயர்கிறது. வண்டியோ வேகம் கொள்வதில்லை. நனைந்த தண்டவாளத்தில் ரயில் எஞ்சினின் சக்கரம் சுழன்றும் வண்டி நகராதிருப்பதை நாம் கண்டிருக்கிறோம். அதைப் போன்றதே இது, கிளட்ச் வழுக்குகிறது. இரைச்சலும் உயராமல் வண்டி தளருமாயின், கோளாறு எரிபொருளிலோ தீப்பொறியிலோ இருக்கக்கூடும்.

ஐயம் தீர ஒரு சோதனை உண்டு. ஆள் நடமாட்டமற்ற சமதளத்தில் சக்கரங்களுக்குக் கல் வைத்து, ஹாண்ட் பிரேக்கை இறுகப் போட்டு, நான்காம் கியரில் சற்றே ஆக்சிலேட்டர் கொடுத்துக் கிளட்சை மெல்ல விடுங்கள். எஞ்சின் நின்றுவிட்டால் கிளட்ச் பிடிக்கிறது. நில்லாமல் ஓடினால் வழுக்குகிறது. ஒரு முறை பார்த்தால் போதும். பன்முறை செய்தால் பிளேட்டு கருகும்.

பட்டறைக்குச் சென்றவுடன் கியர் பாக்ஸை இறக்கச் சம்மதிக்க வேண்டாம் என்பதே நாம் வலியுறுத்துவது. முதலில் கிளட்ச் மிதியைக் கையால் அழுத்திப் பாருங்கள். தொடக்கத்தில் சிறிது தூரம் எதிர்ப்பின்றி அது இறங்க வேண்டும். பிளேட்டு தேயத் தேய அந்த இடைவெளி குறையும். அறவே அற்றுப்போனால், காலை எடுத்த பின்னும் கேபிள் கிளட்சை ஓரளவு இழுத்துப் பிடித்திருக்கும். கேபிள் முனையிலுள்ள நட்டைத் தளர்த்தி, கையேட்டில் குறித்த இடைவெளியை வைத்தாலே குறை நீங்கிவிடலாம். இது சில நிமிட வேலை. பட்டறைக்காரரின் மொழி நமக்குச் சரளமாக வராவிடினும், மிதியை அழுத்திக் காட்டினால் அவருக்கு விளங்கும்.

இடைவெளி சரியாக இருந்தும் வழுக்கினால், பிளேட்டு தேய்ந்திருக்கலாம்; எண்ணெய் பட்டிருக்கலாம்; பிரஷர் பிளேட்டு வலுவிழந்திருக்கலாம். அப்போது இறக்கத்தான் வேண்டும். பிளேட்டு, பிரஷர் பிளேட்டு, பேரிங் மூன்றையும் ஒருங்கே மாற்றுவது சிக்கனம். இறக்கி ஏற்றும் கூலி ஒரு முறையோடு போகும். எண்ணெய்ப் பசை கண்டால், கசியும் ஆயில் சீலையும் மாற்றச் சொல்லுங்கள். இல்லையேல் புதுப் பிளேட்டும் விரைவில் வழுக்கும். கழற்றிய பாகங்களைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

குறை தீரும்வரை பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு நெடும்பயணம் புறப்படுவது தகாது. ஓட்டும்போது மிதியின்மேல் பாதத்தை வைத்தே இருப்பதையும், ஏற்றத்தில் பிரேக்குக்குப் பதில் அரைக் கிளட்சில் வண்டியை நிறுத்துவதையும் விட்டொழித்தால், புதுப் பிளேட்டு நெடுங்காலம் உழைக்கும்.