ஒக்டோபரோடு முடியலாமா?

ஒக்டோபர் வந்தால் தேசிய வாசிப்பு மாதம். பிரதேச சபை நூலகத்தில் கட்டுரைப் போட்டி, பேச்சுப் போட்டி, புத்தகக் கண்காட்சி என ஒரே கலகலப்பு. நவம்பரில்? பத்திரிகை மேசையைச் சுற்றி ஆண்கள் மட்டும். மாணவிகளைக் காண்பதே அரிது.

போட்டிகள் வேண்டாமென்று நான் சொல்லவில்லை. சான்றிதழ் ஒரே நாளில் கிடைத்துவிடும். வாசிப்புப் பழக்கமோ வாராவாரம் வளர வேண்டியது. சனிக்கிழமைகளில் சிறுவருக்கு ஒரு மணி நேரம் கதை சொல்லலாம். தாய்மாருக்கு வாசகர் வட்டம் அமைக்கலாம். இவற்றுக்குப் பெரும் செலவில்லை. கதை சொல்ல உயர்தர வகுப்பு மாணவியரான நாங்கள் ஆயத்தம்.

பெற்றோரே, டியூஷனுக்கு அனுப்பும் நீங்கள் நூலகத்துக்கும் எங்களை அனுப்புங்கள். உம்மாவும் கூடவே வரட்டும். பொது நூலகம் அவருக்கும் உரியதே.